விசாகப்பட்டினத்து ஓங்கிலும் வால்டர் எலியட் துரையும்

ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ ஒரு தோல் ஷாப்புக்குள் சென்று, அனுபவமுள்ள தொழிலாளி ஒருவரின் முன் ஒரு தோலை விரித்துக் காட்டுங்கள். கையால் தடவிப் பார்த்தே அவர் பல விஷயங்களைச் சொல்லிவிடுவார். இது வெள்ளாடு, இது செம்மறி என்பார். இந்த இடத்தில் உண்ணி கடித்திருக்கிறது, இந்த இடத்தில் முள் கிழித்திருக்கிறது, இங்கே சூடு போட்டிருக்கிறார்கள் என்பார். நன்றாக மேய்ந்து வளர்ந்த பிராணியா, பஞ்சத்தில் அடிபட்டதா என்பதுகூட அவருக்குத் தெரிந்துவிடும். ஆனால் அந்த ஆடு மந்தையில் எதன் பின்னால் போயிற்று, இரவில் எதன் அருகில் படுத்தது, குட்டி காணாமற் போன அன்று எப்படிக் கத்திற்று என்று கேட்டால் அவர் சிரிப்பார். அதெல்லாம் தோலில் எழுதியிருக்காது.

இப்படித்தான், விசாகப்பட்டினத்துத் துறைமுகத்தில் கிடைத்த ஒரு கடற்பிராணியின் உடலை வைத்துக்கொண்டு அது இன்னதென்று கண்டுபிடிக்கப் பாடுபட்டார் ஒருவர். அவர் பெயர் ஸர் வால்டர் எலியட். சென்னை ராஜதானியில் பெரிய உத்தியோகம் பார்த்த வெள்ளைக்காரர். கல்வெட்டு, பழங்காசு, பறவை, மிருகம் என்று கண்ணில் பட்டதையெல்லாம் சேர்த்து வைத்தவர். உலகம் இன்று ‘ஐராவதி ஓங்கில்’ என்று அழைக்கும் பிராணி முதன்முதலில் விஞ்ஞானிகளின் பார்வைக்குப் போனது இவருடைய கை வழியாகத்தான்.

ஓங்கில் என்றால் என்ன என்று சில வாசகர்கள் கேட்கலாம். பள்ளிப் பிள்ளைகள் டால்பின் என்று சொல்கிறார்களே, அதுதான். கடலில் வாழ்ந்தாலும் அது மீன் அன்று. நம்மைப் போலவே காற்றை மூச்சாக இழுக்கும். அதற்காக அடிக்கடி நீருக்கு மேலே வரும். முட்டையிடாது, குட்டி போட்டுப் பால் கொடுக்கும்.

சேலத்தில் தொடங்கிய உத்தியோகம்

எலியட் 1803ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் தேதி எடின்பரோ நகரில் பிறந்தார். ஸ்காட்லாந்தின் தெற்குப் பகுதியில் உல்ஃப்லீ என்ற இடத்தில் குடும்பத்துக்கு நிலபுலன் இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் உத்தியோகத்துக்கு இளைஞர்களைத் தயாரித்துவந்த ஹெய்லிபரி கல்லூரியில் படித்தார். 1821இல் சென்னையில் வந்து இறங்கினார். அப்போது வயது பதினெட்டு.

சென்னைக் கோட்டையின் கல்லூரியில் புதிதாக வந்த வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு நம் பாஷைகளைக் கற்றுக்கொடுப்பார்கள். எலியட் அங்கே தமிழும் இந்துஸ்தானியும் படித்தார். இரண்டிலும் தேர்ந்ததற்காக ஆயிரம் வராகன் பரிசு வாங்கினார். அந்தக் காலத்தில் அது ஒரு சின்ன ஆஸ்தி. 1823இல் சேலம் கலெக்டருக்கு உதவியாளராக முதல் வேலை கிடைத்தது. திருப்பத்தூர் வட்டம் அப்போது சேலம் ஜில்லாவில்தான் இருந்தது. 1911இல்தான் வட ஆர்க்காட்டுக்கு மாறியது. ஆகவே இவருடைய உத்தியோகம் நம் பக்கத்து ஜில்லாவில் தொடங்கியது என்று சொன்னால் அது மிகையாகாது.

ஆனால் சேலத்தில் அவர் நெடுநாள் தங்கவில்லை. மராட்டிய தேசத்தின் தென்பகுதிக்கு, தார்வார் பக்கம், மாற்றிவிட்டார்கள். அங்கே ஒரு பெரிய ஆபத்து காத்திருந்தது.

கித்தூரில் கைதி

கித்தூர் ஒரு சிறு சமஸ்தானம். அதன் அரசர் 1824இல் வாரிசில்லாமல் இறந்தார். ஒரு பிள்ளையைத் தத்து எடுத்திருந்தார்கள். தத்துப்பிள்ளையை ஏற்க முடியாது என்று கம்பெனி கையை விரித்துவிட்டது. அரச குடும்பத்தின் ராணி சென்னம்மா பணிய மறுத்தார். கம்பெனியின் ஏஜெண்டு தாக்கரே என்பவர் படையுடன் கித்தூருக்குச் சென்றார். 1824 அக்டோபர் 23ஆம் தேதி நடந்த சண்டையில் அவர் மாண்டார். அவருடன் இருந்த எலியட்டும் ஸ்டீவன்சன் என்ற மற்றோர் அதிகாரியும் கைதிகளானார்கள்.

எலியட்டுக்கு அப்போது வயது இருபத்தொன்று. பல வாரங்கள் கோட்டைக்குள் காவலில் இருந்தார். பிறகு ராணியின் தரப்பினர் இருவரையும் உயிருக்குச் சேதமில்லாமல் விடுவித்தார்கள். கம்பெனியோ அதற்குப் பிறகும் பெரும்படையுடன் கித்தூரைத் தாக்கிக் கைப்பற்றியது. சென்னம்மா சிறைப்பட்டு, 1829இல் காவலிலேயே உயிர் நீத்தார். கைதிகளை உயிரோடு அனுப்பிய ராணிக்குக் கிடைத்த பதில் மரியாதை இது. எலியட்டின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்த இடத்தை இரண்டு வரியில் கடந்துபோய்விடுகிறார்கள். எனக்கு அப்படிக் கடந்துபோக மனம் வரவில்லை.

தோல் அனுப்பிய துரை

தார்வார்ப் பக்கத்தில் அவர் சுமார் பத்தாண்டுகள் இருந்தார். வேட்டையில் பிரியம் உண்டு. வேட்டையாடியதோடு நிற்காமல், காட்டில் என்னென்ன மிருகங்கள் உண்டு, அவற்றுக்கு உள்ளூர் ஜனங்கள் சொல்லும் பெயர் என்ன என்று கேட்டுக் குறித்துவைத்தார். அந்தப் பட்டியல் 1839இல் சென்னையிலிருந்து வெளிவந்த ஒரு சஞ்சிகையில் அச்சாயிற்று. கோயில்தோறும் அலைந்து கல்வெட்டுகளுக்கும் பிரதி எடுத்தார்.

இடையில் தாய்நாடு போய், 1836இல் சென்னை கவர்னரின் அந்தரங்கக் காரியதரிசியாகத் திரும்பினார். 1845இல் குண்டூருக்குப் போனபோது அமராவதி ஸ்தூபத்தைத் தோண்டி, அழகிய சிற்பங்களை வெளியே எடுத்தார். அந்தச் சிற்பங்களில் பல சென்னை வழியாக 1859இல் லண்டனுக்குக் கப்பலேறின. இன்றும் பிரிட்டிஷ் மியூசியத்தில்தான் இருக்கின்றன. தோண்டியதற்கு அவரைப் பாராட்டலாம். கப்பலேற்றியதற்குப் பாராட்ட முடியாது.

பரிணாமக் கொள்கையை உலகுக்குச் சொன்ன சார்லஸ் டார்வினுக்கும் எலியட்டுக்கும் கடிதப் போக்குவரத்து இருந்தது. டார்வின் அப்போது வீட்டுப்புறாக்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். வெவ்வேறு தேசத்துப் புறாக்களின் தோல்கள் அவருக்குத் தேவைப்பட்டன. எலியட் இங்கிருந்து பதப்படுத்திய புறாத்தோல்களை அனுப்பிவைத்தார். 1859இல் வெளிவந்த தம் புகழ்பெற்ற நூலில் டார்வின் அதற்கு நன்றி கூறியிருக்கிறார். தோல் ஏற்றுமதி என்றால் ஆட்டுத்தோல், மாட்டுத்தோல் மட்டுமே என்று நினைக்கும் நம் ஊர்க்காரர்களுக்கு இது ஒரு வேடிக்கையான செய்தி.

இதோடு இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் கடல்பன்றித் தோல் என்று சொல்லி பூட்ஸ் நாடா விற்பார்கள். கடல்பன்றி என்பது ஓங்கிலுக்கு நெருங்கிய உறவு. ஆனால் உண்மையில் அந்த நாடா பெரும்பாலும் வடதுருவக் கடலில் வாழும் வெள்ளைத் திமிங்கிலத்தின் தோல். சரக்கு ஒன்று, பெயர் ஒன்று.

குட்டை மூக்குப் பிராணி

1845 முதல் 1854 வரை எலியட் வடசர்க்கார் ஜில்லாக்களுக்குக் கமிஷனராக இருந்தார். இன்றைய ஆந்திரக் கடற்கரையும் ஒரிஸாவின் தென்கோடியும் சேர்ந்த பகுதி அது. காட்டு மிருகங்களைக் குறித்துவைத்த மனிதருக்கு இப்போது கடல் கிடைத்தது. விசாகப்பட்டினத்திலும் வால்டேரிலும் மீனவர்களின் வலையில் அகப்பட்ட திமிங்கிலங்களையும் ஓங்கில்களையும் அளந்தார். படம் வரையச் செய்தார். மண்டையோடுகளைப் பத்திரப்படுத்தினார்.

1852இல் விசாகப்பட்டினத்துத் துறைமுகத்தில் அந்தப் பிராணி கிடைத்தது. ஓங்கில்களில் பலவற்றுக்கு வாய் நீண்டு அலகுபோல் இருக்கும். இதற்கு அலகே இல்லை. தலை உருண்டு பானைபோல் இருந்தது. இப்படி ஒன்றை அதற்கு முன் எந்தப் பண்டிதரும் பெயரிட்டு எழுதியதில்லை.

எலியட் சேர்த்தவை லண்டனில் ரிச்சர்டு ஓவன் என்பவரிடம் போய்ச் சேர்ந்தன. டைனோசார் என்ற சொல்லை உண்டாக்கியவர் இந்த ஓவன்தான். அவர் 1866இல் ஒரு பெரிய கட்டுரையில் எலியட்டின் கடற்பிராணிகளை வர்ணித்தார். பானைத்தலைப் பிராணிக்குக் குட்டை மூக்கு என்று பொருள்படும் லத்தீன் பெயர் கிடைத்தது. வேறோர் ஓங்கிலுக்கு விசாகப்பட்டினத்து மீனவர்கள் வழங்கிய கடமு என்ற பெயரையே விஞ்ஞானப் பெயராக வைத்தார் ஓவன். வலையிழுத்த மீனவரின் பெயர் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. அவர் வாய்ச்சொல் மட்டும் ஏறிவிட்டது.

ஓவனின் கட்டுரையில் பெரும்பாலும் இருப்பது எலும்பு, பல், அளவு. நம் தோல் தொழிலாளிக்குத் தோலில் தெரிவது எவ்வளவோ, அவ்வளவுதான் லண்டன் பண்டிதருக்கும் மண்டையோட்டில் தெரிந்தது. அந்தப் பிராணி யாருடன் வாழ்ந்தது?

கூடி வாழும் குடும்பம்

இதற்குப் பதில் சொல்லும் முதல் செய்தி பர்மாவிலிருந்து வந்தது. கல்கத்தா மியூசியத்தின் தலைவராக இருந்த ஜான் ஆண்டர்சன் ஐராவதி நதியில் பிரயாணம் செய்தபோது இதே ஜாதி ஓங்கில்களை உயிரோடு கண்டார். நதிக்கரை மீனவர்கள் சொன்னதை 1870களின் இறுதியில் வெளியான தம் நூலில் எழுதினார். ஒவ்வொரு மீனவ கிராமத்துக்கும் சொந்தமாக ஓர் ஓங்கில் உண்டாம். அது மீன்களைத் தன் கிராமத்தாரின் வலையை நோக்கி விரட்டிக் கொடுக்குமாம். ஒரு கிராமத்தின் ஓங்கில் இன்னொரு கிராமத்தான் வலையை நிரப்பிவிட்டால், மீனில் பங்கு கேட்டு ஊர் நியாயஸ்தலத்தில் வழக்கே நடக்குமாம்.

படிப்பவர்கள் இதைக் கட்டுக்கதை என்று ஒதுக்கியிருப்பார்கள். வழக்கு நடந்ததோ இல்லையோ, மீன் விரட்டும் விஷயம் உண்மை. இன்றும் ஐராவதி நதியில் மீனவர் சிலர் படகின் ஓரத்தைக் குச்சியால் தட்டி ஓங்கில்களை அழைக்கிறார்கள். அவை கூட்டமாக வந்து மீன்களை வளைத்து ஒரு பக்கமாக நெருக்குகின்றன. பிறகு வாலால் ஒரு சைகை. அந்த நொடியில் மீனவர் வலையை வீசுகிறார். சிதறி ஓடும் மீன்களை ஓங்கில்கள் எளிதாகப் பிடித்துத் தின்கின்றன. 2005இல் மாந்தலே நகருக்கு வடக்கே நதியின் ஒரு பகுதியைப் பாதுகாக்கப்பட்ட இடமாக பர்மா அரசு அறிவித்தது. அப்படியும் அந்த நதியில் இப்போது நூறு ஓங்கில்கள்கூட இல்லை. மின்சாரம் பாய்ச்சித் திருட்டுத்தனமாக மீன் பிடிப்பவர்களால் இந்தப் பழைய கூட்டாளித்தனம் குலைந்துவருகிறது.

நம் நாட்டில் இந்த ஜாதியைக் காண விரும்புவோர் ஒரிஸாவின் சில்கா ஏரிக்குப் போகலாம். எலியட் கமிஷனராக இருந்த பகுதியின் வடகோடியை ஒட்டிய ஏரி அது. சுமார் 150 ஓங்கில்கள் அங்கே இருக்கின்றன. பெரும்பாலும் நாலைந்து சேர்ந்த சிறு கூட்டமாகவே திரியும். சில சமயம் வாயிலிருந்து தண்ணீரைப் பீச்சி அடித்து மீன்களைக் கலக்கி ஒன்று சேர்க்கும். தாய் சுமார் 14 மாதம் சுமந்து ஒரே ஒரு குட்டி போடும்.

கடலில் வாழும் மற்ற ஓங்கில்களைப் பற்றி இன்னும் அதிகம் தெரிந்திருக்கிறது. நீளமூக்கு ஓங்கில்கள் ஒவ்வொன்றுக்கும் தனக்கென்று ஒரு சீழ்க்கை உண்டு. நமக்குப் பெயர் எப்படியோ அப்படி. தாயைப் பிரிந்த குட்டி அந்தச் சீழ்க்கையை அடிக்கும். தாய் தன் சீழ்க்கையால் பதில் கொடுக்கும். கூட்டாளியின் சீழ்க்கையை இருபது ஆண்டு பிரிந்திருந்த பிறகும் அடையாளம் கண்டுகொண்டதை 2013இல் ஓர் ஆராய்ச்சியில் கண்டறிந்தார்கள். நம்மில் பலர் பழைய பள்ளித் தோழனை ரயிலில் பார்த்தால் பெயர் நினைவுக்கு வராமல் தவிக்கிறோம்! ஒன்று நோயுற்றால் மற்றவை அதை மூச்சு விடுவதற்காக நீர்மட்டத்துக்குத் தாங்கிப் பிடிப்பதும் உண்டு. செத்த குட்டியைத் தாய் விடாமல் சுமந்து திரிவதைப் பலர் கண்டிருக்கிறார்கள். இதை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்க ஞானி அரிஸ்டாட்டில் எழுதிவைத்திருக்கிறார்.

இந்தப் பாசமே சில சமயம் எமனாக வந்துவிடுகிறது. எலியட்டுக்குக் குட்டை மூக்குப் பிராணி கிடைத்த அதே 1852இல், கல்கத்தாவுக்கு அருகே உப்பு ஏரியில் ஒரு பெரிய கூட்டம் வழிதவறி வந்து சிக்கியது. அவை ஓங்கில் குடும்பத்தைச் சேர்ந்த கறுப்புப் பிராணிகள். வழிகாட்டித் திமிங்கிலம் என்று பெயர். தமிழ்நாட்டிலும் இது நடந்தது. 1973 ஜனவரியில் தூத்துக்குடிக்குத் தெற்கே மணப்பாடு கடற்கரையில் 147 வழிகாட்டித் திமிங்கிலங்கள் கரையேறி மாண்டன. 2016 ஜனவரியில் அதே கடற்கரைப் பகுதியில் 80க்கும் மேற்பட்டவை வந்து ஒதுங்கின. மீனவர்களும் அரசு ஊழியர்களும் இரவும் பகலும் பாடுபட்டு, படகில் கட்டி இழுத்துச் சென்று ஆழ்கடலில் விட்டார்கள். விட்டவற்றில் பல திரும்பக் கரைக்கே வந்தன. கரையில் துடித்துக்கொண்டிருந்தவை அவற்றின் சொந்தங்கள். இந்த ஜாதியில் பிள்ளைகள் வளர்ந்த பிறகும் தாயின் கூட்டத்தோடு சேர்ந்தே வாழும். குட்டி போடும் வயது கடந்த கிழவிகளும் கூட்டத்தில் பல்லாண்டு இருப்பார்கள். பாட்டி கரையில் கிடக்கும்போது பேரன் கடலுக்குத் தனியே எப்படிப் போவான்? ஏன் முதலில் கரைக்கு வருகின்றன என்பதற்கு நோய், வழி தவறுதல், ஆழமில்லாத கடல் என்று பல காரணங்கள் சொல்கிறார்கள். முதலில் வருவது ஒன்றிரண்டாக இருக்கலாம். மற்றவற்றைக் கரைக்கு இழுத்து வருவதில் சொந்தபந்தத்துக்கும் பங்கு இருக்கலாம்.

கடைசிக் கடிதம்

எலியட் 1854இல் சென்னை கவர்னரின் ஆலோசனைச் சபையில் அங்கத்தினரானார். 1860இல் ஓய்வு பெற்றுக்கொண்டு உல்ஃப்லீக்குத் திரும்பினார். 1866இல், ஓவனின் கட்டுரை வெளிவந்த அதே ஆண்டில், ஸர் பட்டம் கிடைத்தது. வயதான காலத்தில் கண் பார்வை போய்விட்டது. அந்த நிலையிலும் தென்னிந்தியப் பழங்காசுகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதி முடித்தார். காசின் எழுத்தை விரலால் தடவிப் பார்த்தாரோ என்னவோ.

தமிழையும் அவர் விடவில்லை. அவருக்கு முன் சென்னையில் கலெக்டராக இருந்த எல்லிஸ் துரை, தமிழில் பெரும் புலமை உள்ளவர். திருக்குறளுக்கு ஆங்கிலத்தில் உரை எழுதத் தொடங்கியவர். 1819இல் ராமநாதபுரத்தில் திடீரென்று இறந்துபோனார். அவர் விட்டுச்சென்ற காகிதக் கட்டுகளை மதுரையில் ஒரு துரையின் வீட்டுச் சமையற்காரன் அடுப்பு மூட்டப் பயன்படுத்திவிட்டான் என்று எலியட் எழுதிவைத்திருக்கிறார். மிச்சம் மீதி கிடைத்ததை எலியட் பல ஆண்டுகள் தேடிச் சேர்த்தார்.

1887 மார்ச் 1ஆம் தேதி காலை. எண்பத்து நான்கு வயது எலியட் ஒரு கடிதத்தை வாயால் சொல்லி எழுதச் செய்து, தம் கையால் ஒப்பமிட்டார். கடிதம் ஜி. யு. போப்புக்கு. போப்பின் திருக்குறள் பதிப்பைப் பற்றி மகிழ்ச்சி தெரிவித்து, தம்மிடம் உள்ள எல்லிஸின் துண்டுக் காகிதங்களை எந்த வகையில் பயன்படுத்தலாம் என்று கேட்டிருந்தார். அன்று மாலையே அவர் காலமானார்.

குட்டை மூக்கு ஓங்கிலுக்கு எலியட்டின் பெயரை யாரும் வைக்கவில்லை. ஆண்டர்சன் கண்ட நதியின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. எலியட்டின் பெயரைத் தாங்கி நிற்பது வேறொரு சிறு பிராணி. அணிலைப் போல் தோற்றம், ஆனால் மூக்கு கூர்மையாக இருக்கும். தமிழில் மூங்கில் அணத்தான் என்று பெயர். 1849இல் அதற்கு எலியட்டின் பெயரை வைத்தார்கள். பிற்பாடு அந்த அணத்தான் என்ற தமிழ்ச் சொல்லையும் விஞ்ஞானப் பெயரில் சேர்த்துக்கொண்டார்கள். கிழக்குத் தொடர்ச்சி மலைக்காடுகளில் அது வாழ்கிறது. நம் ஏலகிரியும் ஜவ்வாது மலையும் அந்தத் தொடரைச் சேர்ந்தவைதாம். கூட்டம் சேர்ந்து திரிவது அதற்கு வழக்கமில்லை. பகலெல்லாம் தனியாகவே பூச்சி தேடித் தின்னும். பொழுது சாய்ந்ததும் ஒரு பொந்தில் தனியாகவே போய்ப் படுத்துக்கொள்ளும்.